தொடை எலும்பும் தொள்ளாயிரம் பக்கமும்

நான் பெரிய நாவல்களைப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஓர் எருமை. யாராவது கேட்டால் பள்ளிக்கூட ஆசிரியர், வீட்டில் இருந்த புத்தக அலமாரி என்று சொல்வதுதான் மரியாதை. எங்கள் வீட்டில் அலமாரி இருந்தது. அதில் ஊறுகாய் ஜாடிகள் இருந்தன.

எழுபதுகளின் கடைசியில் நெய்வேலியில் சுரங்க அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் டிரேசராக இருந்தேன். இன்ஜினியர் பென்சிலால் வரைந்த படத்தின் மீது மெல்லிய தாளை விரித்து, கீழே தெரியும் கோட்டின் மேலேயே மையால் கோடு போடுவது டிரேசரின் வேலை. சொந்தமாக ஒரு கோடும் போடக் கூடாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பேச்சிலர் குவார்ட்டர்ஸில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருடன் ஒரே அறையில் இருந்தேன். எனக்கு இருபத்து நாலு வயது. வாசிப்பு என்றால் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளும், பஸ் ஸ்டாண்டில் விற்கும் துப்பறியும் கதைகளும்தான். எல்லா வாரமும் யாராவது கதவைத் தட்டும்போது கதை நின்றுவிடும். அடுத்த வாரம் பார்த்தால் தட்டியது பால்காரராக இருப்பார்.

டவுன்ஷிப் சாலைகள் அகலமானவை, நேரானவை. போக்குவரத்து என்று சொல்லும்படி எதுவும் அப்போது கிடையாது. எருமை நடுச் சாலையில் நின்றதற்கும், நான் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்துவிட்டு சைக்கிள் ஓட்டியதற்கும் அதுதான் காரணம். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வலது தொடை எலும்பு முறிந்தது.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டி, கட்டில் ஓரத்தில் ஒரு சக்கரத்தின் வழியாகக் கயிறு விட்டு, கயிற்றின் முனையில் எடை தொங்கவிட்டார்கள். ஆறு வாரம் இப்படியே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். புரண்டு படுக்கலாமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார்.

என் அறை நண்பரிடம், லைப்ரரியிலிருந்து ஏதாவது துப்பறியும் நாவல் எடுத்து வரச் சொன்னேன். அவர் வாழ்க்கையில் லைப்ரரிக்குள் போனதில்லை. மறுநாள் மாலை இரண்டு கையாலும் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் மார்பின் மேல் வைத்தார். மூச்சு முட்டியது.

"நீ ஆறு வாரம் படுத்துக் கெடக்கோணுமல்ல? அதான் இருக்கறதுலயே தடியாப் பாத்து எடுத்தாந்தேன். அடிக்கடி என்னால அலைய முடியாது."

வெளிநாட்டு நாவல், தமிழில் மொழிபெயர்த்தது. தொள்ளாயிரத்துச் சொச்சம் பக்கம். நூறு வருஷத்துக்கு முன் எழுதியது என்று முன்னுரையில் இருந்தது. முதல் பக்கத்தில் கதையில் வருகிறவர்களின் பட்டியல். ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர். அம்மா கூப்பிடுவது ஒன்று, ஊரார் கூப்பிடுவது ஒன்று, கோபத்தில் கூப்பிடுவது ஒன்று. மூடிவிட்டு மேலே சுழலும் விசிறியைப் பார்த்தேன். இரண்டு நாள் விசிறியைப் பார்த்த பிறகு மறுபடி புத்தகத்தைத் திறந்தேன்.

பக்கத்துப் படுக்கையில் காடாம்புலியூர்க்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மைன்ஸில் கன்வேயர் பிரிவில் பெர்மனென்ட் ஊழியர். பத்து வருஷம் அத்தனை பெரிய இயந்திரங்களுக்கு நடுவே ஒரு கீறல் படாமல் வேலை செய்துவிட்டு, ஒரு லீவு நாளில் சொந்தப் பலா மரத்திலிருந்து விழுந்து இடது காலை இரண்டு இடத்தில் உடைத்துக்கொண்டிருந்தார். தொடை வரை மாவுக்கட்டு. நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படும் பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா சார், பரிச்சைக்குப் படிச்சிகினு இருக்கீங்களா?"

"இல்லீங்க. கதைப் புத்தகம்."

"இம்மாம் பெரிய கதையா? எத்தினி பேருங்க அதுல?"

பட்டியலை எண்ணினேன். "நாப்பத்தேழு பேர்."

"எங்க ஷிப்டுலயே அத்தினி பேரு கெடையாது." கொஞ்சம் யோசித்தார். "சும்மாதான கெடக்குறோம். வாய வுட்டுப் படிங்க, நானும் கேக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் அத்தியாயம் முழுக்க ஓர் ஆறு. ஆறு எங்கே வளைகிறது, எந்த மாதத்தில் உறைகிறது, உறைந்தால் என்ன நிறம் என்று பதினொரு பக்கம். நாலாவது பக்கத்திலேயே அவர் தூங்கிவிட்டார். நான் நிறுத்தவில்லை. என் குரலைத் தவிர அந்த வார்டில் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை. பதினோராம் பக்கம் முடிந்தபோது, அந்த ஆற்றில் எங்கே ஆழம் என்று கேட்டால் நான் சொல்லியிருப்பேன். தொடர்கதையில் இப்படி ஓர் ஆறு வந்தால் ஒரு வரியில் கடந்து போயிருப்பார்கள். இந்த ஆசிரியர் தாண்டவே விடவில்லை. கோபம் வந்தது. மறுநாள் யாருக்கும் தெரியாமல் அந்த அத்தியாயத்தை இன்னொரு முறை படித்தேன்.

கதை இதுதான். ஆற்றங்கரை ஊரில் ஒரு மாவு மில். முதலாளி இறந்துவிட, அவர் மனைவி நடத்துகிறாள். இரண்டு பெண்கள். மூத்தவளை ஊர் மருந்துக்கடைக்காரர் பன்னிரண்டு வருஷமாக மனசுக்குள் விரும்பிக்கொண்டு, அவளிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசி வருகிறார். பெயர்களை என்னால் உச்சரிக்க முடியவில்லை, பக்கத்துப் படுக்கைக்காரரால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. மில்லுக்காரம்மா, மூத்தவ, சின்னது, மருந்துக்கடைக்காரர் என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு நாவல் சுலபமாகிவிட்டது.

நாற்பதாவது பக்கத்துக்கு அப்புறம் ஊருக்கு ரயில் பாதை போட ஓர் இளம் சர்வேயர் வருகிறான், நிலம் அளக்கும் சங்கிலியும் மூன்று கம்பமும் எடுத்துக்கொண்டு. பக்கத்துப் படுக்கைக்காரர் கண்ணைத் திறந்தார்.

"அத்த இன்னொரு தபா படிங்க."

படித்தேன்.

"சங்கிலி எடுத்துகினு வந்துட்டானா? அப்ப அந்த மில்லு போச்சு."

"இல்லீங்க, சும்மா அளக்கத்தான் வந்திருக்கான். மில்லுக்காரம்மா வீட்டுலதான் உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்கான்."

"எல்லாரும் டீ குடிச்சிட்டுத்தான் அளப்பாங்க."

அதன் பிறகு அவர் ஒரு நாளும் நடுவில் தூங்கவில்லை. மூத்தவளுக்கும் சர்வேயருக்கும் காதல் உண்டானது. மில்லின் மேல் போகும் பாதைக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் மில் பிழைக்கும். தள்ளிப் போடுவானா மாட்டானா என்பதுதான் முந்நூறு பக்கத்துக்கு விஷயம். காதல் ஜெயிக்கும் என்பது என் கட்சி. தொடர்கதைகளில் அப்படித்தான்.

"நீங்க ஆபீஸ்ல கோடு போடறவரு, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார் அவர். "அந்தக் கோடு மேலேந்து வருது சார். அவன் கையில என்னா கீது? அவன் பென்சிலு புடிக்கிறவன்."

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

வார்டு சிஸ்டர் நாற்பது வயதுக்காரர். தெர்மாமீட்டரை நம் வாயில் வைக்கும்போதே நாம் பொய் சொல்லப்போகிறோம் என்பது போலப் பார்ப்பார். மூன்றாம் நாளே வந்து நின்றார்.

"இது ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடமா? மனசுக்குள்ள படிங்க."

"எனுக்குக் கேக்காதுங்களே" என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர்.

"நோயாளிக்கு எதுக்குக் கதை?"

"வலி தெரியலீங்க சிஸ்டர்."

அது மருத்துவக் காரணம் என்பதால் அவரால் மறுக்க முடியவில்லை. சத்தத்தைக் குறைத்துப் படிக்கச் சொன்னார். சத்தத்தைக் குறைத்ததும் எதிர் வரிசைப் படுக்கைக்காரர்கள், கேட்கவில்லை என்று புகார் செய்தார்கள். அதுவரை அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. சிஸ்டர் கொஞ்ச நாளில் எங்கள் பக்கம் வரும்போது மட்டும் நிதானமாக வேலை செய்ய ஆரம்பித்தார். ஒரு தலையணை உறையை மாற்ற ஓர் அத்தியாயம் எடுத்துக்கொண்டார்.

ஒரு காலை புத்தகத்தைத் திறந்தபோது, எங்கள் அடையாளம் முந்நூற்று எண்பதாம் பக்கத்தில் இருக்க, ஐந்நூற்றுச் சொச்சத்தில் இன்னொரு காகிதம் செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தால், காய்ச்சல் குறிக்கும் தாளின் கிழிந்த துண்டு.

சிஸ்டர் வந்தார். இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்த்தோம். கண் சிவந்திருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்தான் கேட்டார்.

"யாருங்க சிஸ்டர் போறது?"

"எங்க போறது?"

"கதையில. யாரோ சாவறாங்க, ஒங்க மொகத்துலயே தெரியுதே."

"வாயைத் திறங்க" என்று தெர்மாமீட்டரை வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் நாங்கள் பயந்து பயந்து படித்தோம். மில்லுக்காரம்மா இருமினால் நிறுத்தினோம். கடைசியில் போனது மருந்துக்கடைக்காரர். ஊரில் பரவிய காய்ச்சலில் எல்லோருக்கும் மருந்து கொடுத்துவிட்டுத் தான் படுத்துக்கொண்டார். மூத்தவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, வெளியே மழை வருமா என்று கேட்டார். அவ்வளவுதான். ஆசிரியர் அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை. அடுத்த அத்தியாயம் மாவு விலையைப் பற்றித் தொடங்கியது.

எதிர் வரிசையில் குடலிறக்க ஆபரேஷன் ஆனவர் ஒருவர், "அழுதா தையல் இழுக்குதுய்யா" என்றார். தொடர்கதைகளில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். மரணத்துக்கு முன் இரண்டு பத்தி பேசுவார்கள். எனக்கு ஒன்றும் ஆனதில்லை. மழை வருமா என்று கேட்டுவிட்டுச் செத்துப்போன ஒருவருக்காக, நூறு வருஷத்துக்கு அப்புறம், காலைத் தூக்கிக் கட்டிய நிலையில் நான் அழ வேண்டும் என்று யார் ஏற்பாடு செய்தது என்று புரியவில்லை. துடைத்துக்கொள்ள வசதியாகத் துண்டை சிஸ்டரே எடுத்துக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம் பக்கத்துப் படுக்கைக்காரரை டிஸ்சார்ஜ் செய்தார்கள். வீட்டிலேயே இருந்து கட்டுப் பிரிக்கும்போது வந்தால் போதும் என்றார் டாக்டர்.

"இன்னும் வலிக்குதுங்களே டாக்டர்."

"எங்கே?"

அவர் என்னைப் பார்த்தார். என் கையில் புத்தகம் இருந்தது. இன்னும் இருநூறு பக்கம். "அங்கங்க வலிக்குதுங்க" என்றார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்று பாராட்டினார். இத்தனை வருத்தத்தோடு குணமாகிப் போன ஒரு மனிதரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள், பார்வையாளர் நேரமான நாலு மணிக்கு அவர் வந்து நின்றார். அக்குளில் கட்டைகள், மாவுக்கட்டோடு கால், பின்னால் அவர் மனைவி, மனைவியின் கையில் துணி சுற்றிய பாதிப் பலாப்பழம். காடாம்புலியூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார்கள்.

"எந்த மரம்னு கேக்காதீங்க" என்று பழத்தை வைத்தார். "அதே மரந்தான்."

அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தயங்கினேன். "அவங்களுக்கு முன்கதை தெரியாதே?"

"பஸ்ல சொல்லிகினு வந்துட்டேன் சார். டவுன்ஷிப் ஆர்ச் கேட் வர்றதுக்குள்ள எழுநூறு பக்கம் முடிச்சிட்டேன்." மனைவி பக்கம் திரும்பினார். "இவ மருந்துக்கடைக்காரருக்கு அழுவல. பன்னெண்டு வருசம் வாயத் தொறக்காதவன் செத்தா என்னா, இருந்தா என்னான்னுட்டா."

மருந்து டிரே அடுக்கிக்கொண்டிருந்த சிஸ்டர் கொஞ்சம் சத்தமாக அடுக்கினார்.

அன்றைக்கு நாங்கள் படிக்க வேண்டியிருந்தது மில்லை இடிக்கும் அத்தியாயம். சர்வேயர் கோட்டைத் தள்ளிப் போடவில்லை. அவனால் முடியவில்லை. இடிக்கிற அன்று அவன் ஊரிலேயே இல்லை. கடிதம் அனுப்பியிருந்தான். ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். மில்லுக்காரம்மா அழவில்லை, சாபம் விடவில்லை. கதவருகே போய், பித்தளைத் தாழ்ப்பாளைத் தன் கையாலேயே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்து நின்றாள். ஒரே வாக்கியம். நான் அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

"அந்தத் தாப்பாள அப்பறம் என்னா செஞ்சாங்க?" என்று ஒரு குரல் கேட்டது.

அதுதான் அந்த அம்மா முதலில் பேசியது. நான் அந்தப் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தேன். "இன்னும் சொல்லலீங்க."

அவர் என்னிடம் என்றில்லாமல், பொதுவாகச் சொன்னார். "எங்க ஊர மைன்ஸுக்கு எடுத்துக்கசொல்ல எங்கம்மா கெணத்து ராட்டினத்தக் கழட்டி எடுத்தாந்துச்சு. புது வூட்டுல கொழாத் தண்ணி. கெணறே இல்ல. ராட்டினம் கட்டிலுக்கடியில கெடக்குது."

"எதுக்குன்னு நானும் கேட்டுப் பாத்துட்டேன்" என்றார் கணவர். "மாமியாரு சொல்லல."

"என்னாத்தச் சொல்றது?" என்றார் அவர். "நீங்க படிங்க சார்."

என்னால் உடனே படிக்க முடியவில்லை. வரைபடப் பிரிவில் பழைய நில அளவைத் தாள்களில் கிணறுகளைச் சின்ன வட்டங்களாகக் குறித்திருப்பார்கள். புதிய படத்தில் அவை தேவையில்லை, எல்லைக்கோடு மட்டும் போதும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. வட்டம் போட காம்பஸ் எடுக்க வேண்டும், மை சிந்தும், நேரம் ஆகும். ஒரு தாளில் நாற்பது ஐம்பது கிணறு இருந்தால் அரை நாள் மிச்சம். எத்தனை கிணறுகளை விட்டேன் என்று எனக்கே தெரியாது. இதை நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. இருமுவது போல இருமிவிட்டு அடுத்த வரியைப் படித்தேன்.

கடைசி அத்தியாயம் வந்த நாளில் நல்ல கூட்டம். அவர்கள் இருவரும் வந்திருந்தார்கள். சிஸ்டர் டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், எதையோ தேடுவது போல நின்றுகொண்டிருந்தார். என் அறை நண்பர், தான் எடுத்து வந்த புத்தகம் எப்படித்தான் முடிகிறது என்று பார்க்க வந்திருந்தார். மூத்தவள் வேலை தேடிப் பெரிய ஊருக்குப் போகிறாள், புதிதாக விட்ட ரயிலில். மில் இருந்த இடத்தின் மேலேயே ரயில் போகிறது. அந்த நேரத்தில் அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். ரயில் அடுத்த ஊருக்குள் போகிறது. முற்றும்.

"தூங்கிட்டாளா?" என்றார் காடாம்புலியூர்க்காரர்.

"ஆமா."

"எழுந்து பாக்கலியா?"

"இல்ல."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்." கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். வெற்றுத்தாள்.

"தொள்ளாயிரம் பக்கம் எழுதனவன் இன்னும் ரெண்டு பக்கம் எழுதக் கூடாதா?"

"தூங்கட்டும்" என்றார் அவர் மனைவி. "முழிச்சிகினு இருந்தா மட்டும் என்னாத்தப் பாக்கறது?" பிறகு என்னைக் கேட்டார். "தாப்பாளு?"

"அதுக்கப்புறம் வரவே இல்லீங்க."

"வூட்டுலதான் கெடக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார்.

என் நண்பர் வாசல் வரை போய் என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுல துப்பறியறவன் யாரு?" என்று கேட்டார்.

என் காலும் சேர்ந்தது. கொஞ்சம் குட்டையாகச் சேர்ந்தது. நடக்க முடிந்ததும் நானே லைப்ரரிக்குப் போய்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். கெடு முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. வேறு யாராவது கேட்டிருந்தால் நோட்டீஸ் அனுப்பியிருப்பேன் என்றார் லைப்ரரியன். இந்த மாதிரிப் புத்தகம் இன்னும் இருக்கிறதா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கீழ்த்தட்டு. மேல வச்சா பலகை வளையுது" என்றார்.

உட்கார்ந்து பார்க்க வேண்டிய தட்டு. என்னால் முட்டியை மடக்க இன்னும் முடியவில்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக இழுத்தேன். வெளிநாட்டுப் புத்தகங்களும் பழைய தமிழ் நாவல்களும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. பலவற்றில் ஒட்டிய பக்கங்களே வெட்டிப் பிரிக்கப்படவில்லை. பழைய தமிழ் நாவல் ஒன்றில் ஆசிரியர் நடுநடுவே கதையை நிறுத்திவிட்டு, வாசிக்கிறவரை விளித்து, அவர் சந்தேகப்படுவது தனக்குத் தெரியும் என்று சொன்னார். எனக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தது. திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தேன்.

இரண்டாவதாக நான் எடுத்தது எழுநூறு பக்கம். காடாம்புலியூர்க்காரர் அதற்குள் லைட் டியூட்டியில் சேர்ந்திருந்தார். மதிய இடைவேளையில் கேன்டீனில் சந்தித்து, அவருக்குப் பக்கம் பக்கமாகப் படித்தேன். பெரிய மாளிகை ஒன்று, கோடைக்காலம், தோட்டத்தில் விருந்தினர்கள். ஐந்தாவது நாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இதுல எல்லாரும் ஒக்காந்துகினு பேசிகினே இருக்கறாங்க. நாப்பது பக்கம் ஆச்சு, ஒருத்தனும் வேலைக்குப் போவல."

"போகப் போக நல்லா இருக்கும்னு நினைக்கிறேன்."

"சங்கிலி எடுத்துகினு எவனாவது வந்தா சொல்லுங்க, வர்றேன்" என்று தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மீதியை நான் தனியாகப் படித்தேன். சங்கிலியோடு யாரும் வரவில்லை. அவர் சொன்னது சரிதான், கடைசி வரை ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. இதுவரை நாலு முறை படித்துவிட்டேன்.